ஹாஸ்டலில் நோன்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரமலான் பிறை தெரிவதற்குப் பத்து நாள் இருக்கும்போதே ஜூனியர்களிடமிருந்து கேள்விகள் வர ஆரம்பித்துவிடும். மெஸ்ஸில் யாரிடம் பேசணும், லேப்பில் மயக்கம் வந்தால் என்ன செய்யணும், ரூம்மேட் திட்டினால் என்ன சொல்லணும். தமிழ்நாட்டில் பொதுக் கல்லூரிகளிலும் பல்கலைக்கழக ஹாஸ்டல்களிலும் தங்கிப் படிக்கிறவர்களை மனதில் வைத்து எழுதியிருக்கிறேன். திருச்சி ஜமால் முகமது, சென்னை நியூ காலேஜ், வண்டலூர் கிரசென்ட் மாதிரி இடங்களில் படிப்பவர்களுக்கு இதில் பாதி தேவைப்படாது. அங்கே நோன்பு என்றால் என்னவென்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. நான் ஆலிம் (மார்க்க அறிஞர்) இல்லை. மார்க்கச் சட்டக் கேள்விகளுக்குப் பரவலாகச் சொல்லப்படுவதை எழுதியிருக்கிறேன், உங்கள் நிலைமை கொஞ்சம் சிக்கலானது என்றால் உங்கள் ஊர்ப் பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் கேளுங்கள்.

எங்கள் அண்ணன் படித்தபோது இப்படி ஒரு பிரச்சினையே இல்லை என்கிறாரே?

அவர் சொல்வது சரிதான். ரமலான் சந்திர மாதம், வருடத்துக்குப் பத்துப் பதினோரு நாள் முன்னே நகரும். 2010களின் கடைசியில் அது மே, ஜூன் மாதங்களில் வந்தது. கோடை விடுமுறை. வெயில் கொளுத்தினாலும் வீட்டில் அம்மா எழுப்பிவிட்டு சஹர் (விடியலுக்கு முன் சாப்பிடும் சாப்பாடு) பரிமாறினார். 2020, 2021 இரண்டு வருடமும் கொரோனா, எல்லாரும் வீட்டில்தான். அதன் பிறகுதான் நோன்பு மெல்ல செமஸ்டருக்குள் நுழைந்தது. 2024இல் மார்ச் 12, 2025இல் மார்ச் 2, 2026இல் பிப்ரவரி மூன்றாம் வாரம். 2027இல் பிப்ரவரி இரண்டாம் வாரத்தை ஒட்டியும் 2028இல் ஜனவரி கடைசியிலும் வரும். 2030இல் ஜனவரியில் ஒன்று, டிசம்பர் கடைசியில் இன்னொன்று என ஒரே வருடத்தில் இரண்டு ரமலான் தொடங்கும்.

அதாவது இப்போது கல்லூரியில் சேர்கிறவர்களுக்கு வெயில் பெரிய எதிரி இல்லை. இன்டர்னல் தேர்வு, கல்ச்சுரல்ஸ், சிம்போசியம், ஐ.வி. (இண்டஸ்ட்ரியல் விசிட்) எல்லாம் நோன்போடு மோதும். ஏப்ரல், மே செமஸ்டர் தேர்வு தப்பித்துவிடும்.

ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம்?

சென்னையில் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் ஏறத்தாழ 13 மணி நேரம். பிப்ரவரி நடுவில் சஹர் 5:15ஐ ஒட்டி முடியும், மார்ச் இருபதுக்குள் அது 5 மணிக்கு வந்துவிடும். நோன்பு திறப்பது 6:15க்கும் 6:20க்கும் இடையில்.

ஒரு எச்சரிக்கை. வாட்ஸ்அப்பில் வரும் நேர அட்டை எந்த ஊருக்கானது என்று பாருங்கள். கோயம்புத்தூரில் சூரியன் மறைவது சென்னையைவிடப் பத்து நிமிடத்துக்கும் மேல் தாமதம். சென்னை அட்டையை வைத்துக்கொண்டு கோவையில் நோன்பு திறந்தால் அந்த நோன்பே சேராது. பக்கத்துப் பள்ளிவாசல் கொடுக்கும் அட்டையை வாங்கி அலமாரிக் கதவில் ஒட்டிவிடுங்கள்.

மெஸ்ஸில் சஹருக்குச் சாப்பாடு கேட்டால் தருவார்களா?

கேட்கிற விதத்தைப் பொறுத்தது. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள்.

முதல் நோன்புக்கு முந்தின ராத்திரி பத்து மணிக்கு நாலு பேர் போய் வார்டன் கதவைத் தட்டினால், “இப்ப வந்து சொன்னா நான் என்ன பண்றது” என்ற பதில்தான் வரும். அவர் மேல் கோபப்பட்டுப் பயனில்லை. மளிகை வாங்கியாகிவிட்டது, ஆள் முறை போட்டாகிவிட்டது. குறைந்தது இரண்டு வாரம் முன்பே மெஸ் செகரட்டரியைப் பிடித்துப் பேசி, அவரையும் கூட்டிக்கொண்டு வார்டனிடம் போங்கள்.

கையில் ஒரு பக்கக் கடிதம் இருக்கட்டும். நோன்பு வைக்கப்போகிறவர்களின் பெயர், ரூம் எண், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, என்ன வேண்டும் என்பது மட்டும் போதும். மத விளக்கம் தேவையில்லை. வார்டனுக்குத் தலை எண்ணிக்கைதான் வேண்டும். காலை டிபன், மதியச் சாப்பாடு, மாலை டீ மூன்றும் நாங்கள் எடுக்க மாட்டோம், அதற்குப் பதில் விடியலில் ஒரு சாப்பாடும் மாலையில் கொஞ்சம் பலகாரமும் கொடுங்கள் என்று கேளுங்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் மெஸ்ஸுக்கு நஷ்டம் இல்லை என்பது அவருக்கே தெரியும். உங்கள் ஹாஸ்டலில் டிவைடிங் சிஸ்டம் என்றால் இன்னும் சுலபம், செலவு எல்லார் தலையிலும்தானே பிரிகிறது. ஆனால் அங்கே மற்ற மாணவர்கள் “அவங்களுக்கு மட்டும் தனியா சமோசாவா” என்று கேட்கலாம். மூன்று வேளையை விட்டுக்கொடுத்திருப்பதை எழுத்தில் வைத்திருந்தால் அந்தப் பேச்சு எழாது.

அடுத்தது சமையல் மாஸ்டர். நள்ளிரவு வரை பாத்திரம் கழுவி முடித்துப் படுத்தவரை மூன்று மணிக்கு எழுப்பி சோறு வடிக்கச் சொல்வது நியாயமில்லை. அவரே சம்மதித்து, அதற்குத் தனிச் சம்பளமும் கொடுத்தால் வேறு விஷயம். இரவுச் சாப்பாட்டின் கடைசி ஈடு சோறு, குழம்பு, முட்டையை ஹாட் பாக்ஸில் போட்டு வைக்கச் சொன்னால் போதும். நாலரை மணிக்கு நீங்களே எடுத்துப் போட்டுச் சாப்பிட்டு, தட்டைக் கழுவி, மேசையைத் துடைத்துவிட்டு வாருங்கள். மெஸ் சாவி யாரிடம் இருக்கும், செக்யூரிட்டி அண்ணனிடமா, செகரட்டரியிடமா என்பதையும் முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள். முதல் நாள் சாவி கிடைக்காமல் பூட்டின கதவுக்கு முன்னால் நின்று பேரீச்சம்பழம் தின்ற கூட்டம் எல்லா ஹாஸ்டலிலும் உண்டு.

எதுவும் நடக்காவிட்டால் மெஸ் ரிடக்‌ஷனாவது கேளுங்கள். சாப்பிடாத வேளைகளுக்குப் பணம் கழிக்கும் முறை சில ஹாஸ்டல்களில் இருக்கிறது, எழுதிக் கொடுத்தால்தான் கழிப்பார்கள்.

மெஸ் கைவிரித்துவிட்டது. ரூமில் ஸ்டவ், கெட்டில் எதுவும் கூடாது. சஹருக்கு என்ன சாப்பிடுவது?

பழைய சோறு. சிரிக்காதீர்கள், இதைவிடப் பொருத்தமான சஹர் சாப்பாடு கிடையாது. இரவு மெஸ் சோற்றில் தண்ணீர் ஊற்றி மூடி வைத்தால் விடியலில் தயார். ஊறுகாயும் ரெண்டு சின்ன வெங்காயமும் இருந்தால் போதும், வயிறும் குளிரும். உப்பை மட்டும் அளவாகப் போட்டுக்கொள்ளுங்கள், இல்லையென்றால் பதினோரு மணிக்கே நாக்கு வறளும்.

தயிர் சாதம் சென்னை வெப்பத்தில் புளித்துவிடும். சோற்றில் காய்ச்சி ஆறிய பாலை ஊற்றி ஒரு ஸ்பூன் தயிர் மட்டும் கலந்து வைத்தால் நாலரை மணிக்குப் பதமாக உறைந்திருக்கும். அவல் ஊறப் பத்து நிமிடம் போதும். வாழைப்பழம், நாட்டுச்சர்க்கரை போட்டுச் சாப்பிடலாம். ஊரிலிருந்து வரும்போது சத்துமாவும் இட்லிப் பொடியும் கொண்டுவாருங்கள். பொடி தடவிய இட்லி மெஸ்ஸில் இரவு வாங்கி வைத்தால் காலைவரை கெடாது.

சஹரே வேண்டாம், தூங்கிவிடுகிறேன் என்று சிலர் சொல்வார்கள். இரண்டு நாள் ஓடும், மூன்றாம் நாள் மதியம் லேப்பில் தெரியும். மார்க்கத்திலும் சஹர் சாப்பிடுவது பரக்கத் (அருள்) என்றுதான் இருக்கிறது, ஒரு மிடறு தண்ணீராவது குடியுங்கள்.

நோன்பு எங்கே திறப்பது?

பக்கத்துப் பள்ளிவாசல்தான் முதல் பதில். அஸர் (பிற்பகல்) தொழுகைக்குப் பிறகு தூக்குவாளியோடு ஒருவர் போனால் ரூமில் இருக்கும் எல்லாருக்கும் கஞ்சி வந்துவிடும். அரசு ஒவ்வொரு வருடமும் பள்ளிவாசல்களுக்குக் கஞ்சிக்காகப் பச்சரிசி கொடுக்கிறது. பருப்பு, வெந்தயம், தேங்காய், கறி, விறகு எல்லாம் பள்ளிவாசல் ஜமாஅத்துக்காரர்கள் பொறுப்பு. ஹாஸ்டல் பையன் என்று சொன்னால் ஒரு கரண்டி கூடவே ஊற்றுவார்கள். வாரத்துக்கு ஒருமுறையாவது அங்கேயே உட்கார்ந்து திறந்துவிட்டு, பாயைச் சுருட்டிப் பாத்திரம் எடுத்துவைக்க உதவி செய்யுங்கள். வாளியைக் காட்டி வாங்கிக்கொண்டு ஓடுவது மட்டும் நன்றாக இருக்காது.

சேப்பாக்கம் பக்கம், அதாவது சென்னைப் பல்கலைக்கழகம், மாநிலக் கல்லூரியில் படிக்கிறவர்கள் கொடுத்துவைத்தவர்கள். 1795இல் கட்டிய திருவல்லிக்கேணி வாலாஜா பெரிய பள்ளிவாசல் நடந்து போகிற தூரம். அங்கே நோன்பு திறக்கும் உணவைப் பல பத்தாண்டுகளாகப் பரிமாறி வருபவர்கள் சூஃபிதார் என்ற அமைப்பைச் சேர்ந்த சிந்தி இந்துக்கள். பிரிவினைக்குப் பிறகு சிந்திலிருந்து சென்னைக்கு வந்த தாதா ரத்தன்சந்த் தொடங்கிவைத்தது. மயிலாப்பூரில் சமைத்து வண்டியில் கொண்டுவருகிறார்கள், முழுக்க சைவம். தலையில் தொப்பியோடு அவர்கள் தட்டு நீட்டுவதை ஒருமுறை போய்ப் பாருங்கள். உங்கள் ரூம்மேட் சைவம் என்றால் அவரையும் கூட்டிப்போகலாம். மற்ற இடத்துக் கஞ்சியை அவருக்குக் கொடுக்கும் முன் கறி போட்டதா என்று கட்டாயம் விசாரியுங்கள், பெரும்பாலும் கொத்துக்கறி இருக்கும்.

நான் டே ஸ்காலர். 6:20க்கு காலேஜ் பஸ்ஸில் இருப்பேன்.

பையில் நாலு பேரீச்சம்பழம், ஒரு தண்ணீர் பாட்டில். நேரம் வந்ததும் திறந்துவிடுங்கள், வீடு போய்ச் சேரும்வரை தள்ளிப்போடக் கூடாது. நேரமானதும் தாமதிக்காமல் திறப்பதுதான் சுன்னத் (நபிவழி). பக்கத்து சீட்டுக்காரருக்கும் ஒரு பழம் கொடுங்கள்.

“தண்ணி கூடவா குடிக்கக் கூடாது?”

ஆமாம், தண்ணீர் கூட. இந்த மாதத்தில் நூறு பேர் கேட்பார்கள், நூறாவது ஆளுக்கும் முதல் ஆளுக்குச் சொன்ன மாதிரியே சிரித்துச் சொல்லுங்கள். எச்சில் விழுங்கலாமா என்பது அடுத்த கேள்வியாக வரும். விழுங்கலாம்.

(ரூம்மேட் கேட்பது) அவன் முன்னாடி நான் சாப்பிடலாமா?

தாராளமாக. நோன்பு வைத்திருப்பவன் பசியோடு இருக்கத்தான் வைத்திருக்கிறான், நீங்கள் பிரியாணிப் பொட்டலத்தை மறைத்து எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போனால் அவனுக்குத்தான் சங்கடம். நீங்களும் ஒரு நாள் கூடவே நோன்பிருந்து பார்க்க ஆசைப்பட்டால் செய்யுங்கள், ஆனால் சஹரையும் விடாமல் சாப்பிடுங்கள். முந்தின ராத்திரி எட்டு மணிக்குச் சாப்பிட்டுவிட்டு அப்படியே தொடங்குகிறவர்கள் மதியம் இரண்டு மணிக்குப் படுத்துவிடுகிறார்கள்.

அலாரம் அடித்தால் ரூமில் எல்லாரும் திட்டுகிறார்கள்.

திட்டத்தான் செய்வார்கள். நாலு மணியிலிருந்து பத்து நிமிடத்துக்கு ஒன்று என ஆறு அலாரம் வைத்துவிட்டு நீங்கள் தூங்கினால் வேறு என்ன செய்வார்கள்? போனை வைப்ரேஷனில் தலையணைக்கு அடியில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு தளத்தில் இருக்கும் நோன்பாளிகள் முறைவைத்து ஒருவரை ஒருவர் தொட்டு எழுப்பலாம். லைட் போடாமல் வெளியே வந்துவிடுங்கள், சாப்பாடு காரிடாரிலோ மெஸ்ஸிலோ. முடிந்தால் மாதம் தொடங்கும் முன்பே நோன்பு வைக்கிறவர்கள் இரண்டு மூன்று பேர் ஒரே ரூமுக்கு மாறிக்கொள்ளுங்கள், ஒரு மாதத்துக்கு என்றால் பெரும்பாலான வார்டன்கள் சம்மதிப்பார்கள்.

மறந்துபோய் கேன்டீனில் டீ குடித்துவிட்டேன்.

நோன்பு முறியவில்லை. ஞாபகம் வந்ததும் நிறுத்திவிட்டுத் தொடருங்கள். மறந்து சாப்பிட்டவனுக்கு அல்லாஹ்வே உணவளித்தான் என்ற கருத்தில் நபிமொழி இருக்கிறது.

பேஸ்ட் போட்டுப் பல் துலக்கலாமா? தூக்கத்தில் விந்து வெளியாகிக் குளிப்பு கடமையாகிவிட்டால்? ஊசி போட்டால்?

பேஸ்ட் தொண்டைக்குள் போகாமல் பார்த்துக்கொண்டால் முறியாது. சஹர் முடியும் முன்பே துலக்கிவிடுவது நிம்மதி. தூக்கத்தில் ஆவது உங்கள் கையில் இல்லை, அதனால் நோன்பு முறியாது, குளித்துவிட்டுத் தொழுங்கள். கேட்கக் கூச்சப்பட்டு அன்றைய நோன்பையே விட்டுவிடுகிற பையன்கள் இருக்கிறார்கள், அதனால்தான் இங்கே எழுதுகிறேன். மருந்து ஊசி முறிக்காது என்பதுதான் பெரும்பாலான அறிஞர்கள் சொல்வது. உடம்புக்குச் சத்தாக ஏற்றும் குளுக்கோஸ் வேறு கணக்கு.

சிகரெட்?

முறியும். இ-சிகரெட்டும்தான்.

கேட்டரிங் படிக்கிறேன். பிராக்டிகலில் ருசி பார்க்க வேண்டும்.

நாக்கு நுனியில் வைத்துப் பார்த்துவிட்டுத் துப்பி, வாயைக் கொப்பளித்துவிடுங்கள். தேவை இருக்கும்போது அதற்கு அனுமதி உண்டு, விழுங்கினால்தான் முறியும். ஆசிரியரிடம் முன்பே சொன்னால் ருசி பார்ப்பதைக் கூடச் செய்யும் நண்பரிடம் விடலாம்.

வீட்டை விட்டு முந்நூறு கிலோமீட்டர் தள்ளி ஹாஸ்டலில் இருக்கிறேன். பயணிக்கு நோன்பு கடமை இல்லையே?

நல்ல முயற்சி. செமஸ்டர் முழுக்கத் தங்கியிருக்கிறவர் பயணி இல்லை. ஹனஃபி மத்ஹப் (மார்க்கச் சட்டப் பிரிவு) கணக்கில் 15 நாள் தங்குவதாக நினைத்தாலே ஊர்க்காரர்தான், ஷாஃபி கணக்கில் நாலு நாள். ஆனால் விடியலுக்கு முன்பே புறப்பட்டு ஊட்டிக்கோ பெங்களூருக்கோ ஐ.வி. போனால் சலுகை உண்மையாகவே உண்டு, விட்டதைப் பின்னால் வைத்துவிட வேண்டும்.

இந்த இரண்டு மத்ஹபுக்கும் இன்னொரு வித்தியாசம் ஹாஸ்டலில் முக்கியம். காயல்பட்டினம், கீழக்கரை மாதிரிக் கடற்கரை ஊர்க்காரர்கள் பெரும்பாலும் ஷாஃபி. அவர்கள் ஒவ்வொரு நாளும் சுபுஹுக்கு (விடியல் தொழுகை நேரத்துக்கு) முன்பே நிய்யத் (நோன்பு வைக்கும் எண்ணம்) வைத்தாக வேண்டும். ஹனஃபிகளுக்கு ரமலானில் முற்பகல் வரை அவகாசம் இருக்கிறது. சஹருக்கு எழாமல் தூங்கிப்போகிற ஆள் என்றால் இரவு படுக்கும்போதே நிய்யத் வைத்துவிட்டுப் படுங்கள், இருவருக்கும் சரியாக இருக்கும்.

தேர்வு நாளில் விடலாமா?

தேர்வு என்ற ஒரே காரணத்துக்காக விட முடியாது. நடுவில் உண்மையிலேயே உடம்பு முடியாமல் போனால் திறந்துவிட்டுப் பிறகு ஒரு நாள் வைக்கலாம். அனுபவத்தில் காலைத் தேர்வு நோன்பில் நன்றாகவே போகும், தலை தெளிவாக இருக்கும். மதியம் இரண்டு மணித் தேர்வுதான் இழுக்கும். அன்றைக்கு லுஹர் (நண்பகல் தொழுகை) நேரத்துக்கு முன்னால் அரைமணி நேரம் படுத்து எழுந்துவிடுங்கள்.

படிப்புக்கு நல்ல நேரம் சுபுஹுக்குப் பிறகு ஏழரை வரை. வயிறு நிறைந்திருக்கும், ஹாஸ்டல் அமைதியாக இருக்கும். அதைத் தூங்கிக் கழித்துவிட்டு, இரவு தராவீஹ் (ரமலான் இரவுத் தொழுகை) முடித்துப் பதினொரு மணிக்குப் புத்தகம் திறப்பவர்கள் இரண்டையும் இழக்கிறார்கள். முதல் மூன்று நாள் வரும் தலைவலி பெரும்பாலும் பசியால் இல்லை, காபி கிடைக்காததால். ஒரு வாரம் முன்பே குறைத்துக்கொள்ளுங்கள்.

பெண்கள் ஹாஸ்டல் பற்றி எதுவுமே சொல்லவில்லையே?

சொல்ல வேண்டியது நிறைய இருக்கிறது. கேட் மாலையிலேயே மூடிவிடும், எனவே பள்ளிவாசல் கஞ்சி அவர்களுக்குத் தானாக வராது. உறவுக்காரரோ வகுப்புப் பையன்களோ வாங்கிக்கொண்டுவந்து வாட்ச்மேன் அறையில் கொடுக்க வார்டனிடம் ஒருமுறை அனுமதி வாங்கிவிட்டால் மாதம் முழுக்க ஓடும். தராவீஹை நாலைந்து பேர் ஒரு ரூமில் சேர்ந்து தொழலாம்.

மாதவிடாய் நாட்களில் நோன்பு கிடையாது, விட்ட நாட்களை அடுத்த ரமலானுக்குள் வைத்துவிட வேண்டும். இது எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஆனால் மதியம் மெஸ்ஸுக்குப் போனால் “ஏன்மா இன்னிக்கு நோன்பு இல்லையா” என்று பரிமாறுகிற அக்கா நாலு பேர் முன்னால் கேட்பார், அதற்குப் பயந்து பட்டினி கிடக்கிற பெண்கள் இருக்கிறார்கள். இதற்குத் தீர்வு எளிது: கடிதத்தில் எழுதும்போதே “தேவைப்படும் நாட்களில் மதியச் சாப்பாடு எடுத்துக்கொள்வோம், காரணம் கேட்க வேண்டாம்” என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். நோன்பு வைக்கும் ஆண்களும் வகுப்பில் “நீ ஏன் வைக்கல” என்ற கேள்வியை யாரிடமும் கேட்காமல் இருக்கப் பழக வேண்டும்.

எனக்கு சர்க்கரை இருக்கிறது, இன்சுலின் போடுகிறேன்.

ஒரு மாதம் முன்பே உங்கள் டாக்டரைப் பாருங்கள். வைக்க வேண்டாம் என்று அவர் சொன்னால் மார்க்கமும் அதையேதான் சொல்கிறது. வைக்கலாம் என்றால் அளவு மாற்றித் தருவார். விரலில் குத்திப் பார்ப்பதால் நோன்பு முறியாது, அதனால் பார்க்காமல் இருக்காதீர்கள். சர்க்கரை அளவு 70க்குக் கீழே போனாலோ 300ஐத் தாண்டினாலோ உடனே நோன்பை முறித்துவிட வேண்டும், பாங்கு சொல்ல ஐந்து நிமிடம்தான் இருக்கிறது என்றாலும். உங்கள் ரூம்மேட்டுக்கும் இந்த எண்கள் தெரிந்திருக்கட்டும்.

தராவீஹ் இருபது ரக்அத்தா (தொழுகைச் சுற்று), எட்டா?

ஹாஸ்டல் காரிடாரில் முடிவாகப்போகிற விஷயம் இல்லை இது. உங்கள் ஹாஸ்டல் கேட் ஒன்பது மணிக்கு மூடினால் எப்படியும் முழுசாகத் தொழ முடியாது. நேர அனுமதி கேளுங்கள், இல்லையென்றால் ரூமில் தொழுங்கள்.

(ஆசிரியர் ஒருவர் கேட்பது) நாங்கள் என்ன செய்யலாம்?

அதிகம் ஒன்றும் வேண்டாம், சார். வைவா, புராஜெக்ட் ரிவ்யூவை மாலை ஐந்தரைக்கு மேல் இழுக்காதீர்கள். கிரவுண்டில் ஓடவைக்கும் விஷயங்களைக் காலையில் வையுங்கள். வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகைக்குப் போனவன் மதிய வகுப்புக்குப் பத்து நிமிடம் தாமதமாக வந்தால் உள்ளே விடுங்கள். அசைன்மென்ட்டுக்குக் கூடுதல் நாள் யாராவது நோன்பைச் சொல்லிக் கேட்டால் தர வேண்டியதில்லை.

அடுத்த வருடம் மேற்படிப்புக்கு லண்டன் போகிறேன். அங்கே 18 மணி நேரம் என்கிறார்களே?

அது ஜூனில் நோன்பு வந்த காலத்துக் கதை. பிப்ரவரியில் லண்டனில் 12 மணி நேரத்தை ஒட்டித்தான், சென்னையைவிடக் குறைவு. டிசம்பருக்கு நகரும்போது பத்து மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். குளிரில் தாகமும் எடுக்காது. பசிதான் எடுக்கும்.

பெருநாளுக்கு ஊருக்குப் போக எந்த நாளுக்கு டிக்கெட் போடுவது?

பிறை பார்த்துத்தான் முடிவாகும், தலைமை காஜி அறிவிக்கும்வரை நோன்பு 29ஆ 30ஆ என்பது யாருக்கும் தெரியாது. காலண்டரில் அச்சடித்த விடுமுறையும் ஒரு நாள் மாறலாம். ரயில் முன்பதிவு 60 நாள் முன்பு திறக்கும், அதாவது ரமலான் பிறைக்கு ஒரு மாதம் முன்பே. 28ஆம் நோன்பு இரவுக்குப் போட்டுவிட்டால் எந்தப் பக்கம் விழுந்தாலும் வீட்டில் இருப்பீர்கள்.

போக முடியாமல் ஹாஸ்டலிலேயே மாட்டிக்கொண்டால், பித்ரா (பெருநாள் தர்மம்) வீட்டில் கொடுத்துவிட்டார்களா என்று முந்தின நாளே போன் போட்டுக் கேளுங்கள், பெருநாள் தொழுகைக்கு முன்பு போய்ச் சேர வேண்டியது அது. தொழுகை எந்தப் பள்ளியில், எத்தனை மணிக்கு என்று இரவே விசாரித்துவைக்கவும். சில இடங்களில் ஏழு மணிக்கே முடித்துவிடுவார்கள். உங்கள் ரூம்மேட்கள் ஒரு மாதம் அலாரம் பொறுத்தவர்கள், பிரியாணி எதிர்பார்ப்பார்கள். கடைகளில் அன்று கூட்டம் அலைமோதும். முந்தின நாளே பணம் கட்டிச் சொல்லிவைத்துவிடுங்கள், சைவம் சாப்பிடுகிறவருக்கு என்ன என்பதையும் சேர்த்து.